உறையில் நான் எழுதாதது

அவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல வராது. யார் வீட்டுக்குப் போனாலும், தட்டில் எதைப் போட்டாலும், எத்தனை தரம் போட்டாலும், தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டுவிடுவார். ஒரேயொரு ஏற்பாடுதான். வாசலில் செருப்பைக் கழற்றியதுமே கைப்பையைத் திறந்து ஒரு குளிசையை எடுப்பார். தண்ணீர் கேட்டு வாங்கி அதை விழுங்கிவிட்டுக் கதிரையில் இருப்பார்.

“அரை மணித்தியாலம் பொறுங்கோ. பிறகு எவ்வளவு வேணுமெண்டாலும் போடுங்கோ.”

அந்த அரை மணித்தியாலத்துக்குள்தான் அவருடைய வேலை நடக்கும்.

துறைமுகக் கந்தோரில் தொலைபேசி இணைப்புப் பலகைக்கு முன்னால் முப்பது வருடம் இருந்தவர். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆன பிறகும் திருகோணமலையில் அவர் ‘ரெலிபோன் அக்கா’தான். கலியாணம் கட்டவில்லை. அண்ணன் மகன் ஒருவர் கனடாவில் இருந்தார். வேலையை விட்ட பிறகு அவர் செய்ததெல்லாம், முகம் பாராமல் கோபித்துக்கொண்டு இருக்கிற வீடுகளுக்குப் போய் அவர்களைக் கதைக்க வைத்ததுதான். இதற்கு அவரை யாரும் நியமிக்கவில்லை. வீட்டுச் சண்டையை வெளியில் கொண்டுபோக வெட்கப்பட்டவர்கள் அவரைக் கூப்பிட்டார்கள்.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். சண்டை பிடித்த இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். ஒரு வீட்டில் சோறு தின்று மற்ற வீட்டில் வெறும் தேத்தண்ணியோடு எழும்பினால் எல்லாம் பாழ். ‘அக்கா அந்தப் பக்கம்’ என்று சொல்லிவிடுவார்கள். அளவிலும் கூடக் குறைய இருக்கக்கூடாது. இங்கே இரண்டு தரம் சோறு வாங்கினால் அங்கேயும் இரண்டு தரம். குசினிக் கதவுக்குப் பின்னால் பெண்கள் நின்று எண்ணுவார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆளோ மெலிவு. அத்தனை சோறும் எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

“போறதெங்க தம்பி, அங்கயே நிண்டு எரியுது” என்றார்.

அந்த எரிவுக்கு ஏழு வருடம் குளிசை கொடுத்தவன் நான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் நான் மருந்தாளர். படித்து, சோதனை எழுதி, சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற மருந்தாளர். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரிந்தவன் என்று அரசாங்கமே எழுதித் தந்திருக்கிறது.

முதல்முறை அவர் டொக்டர் மருந்து எழுதிக் கொடுத்த துண்டோடுதான் வந்தார். ஒமெப்ரசோல், காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன், இரண்டு கிழமைக்கு மட்டும். உறையில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிப் பதினான்கு குளிசை போட்டுக் கொடுத்தேன். இரண்டு கிழமை முடிந்ததும் வெறும் உறையோடு வந்து நின்றார்.

“தம்பி, அந்தக் குளிசை நல்லாக் கேட்குது. இன்னும் கொஞ்சம் தாங்கோ.”

“டொக்டரிட்ட ஒருக்காக் காட்டிப்போட்டு வாங்கோ அக்கா. இது கனகாலம் பாவிக்கிற சாமான் இல்லை.”

“ஓம் தம்பி, காட்டுறன்.”

மறுத்து ஒரு சொல் இல்லை. அடுத்த நாள் திரும்ப வந்தார். துண்டு இல்லை. கேட்கவும் இல்லை. எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று கடைப் படியில் வந்து நிற்க, அதற்கு வாழைப்பழத் தோலை நீட்டிக்கொண்டு, உள்ளே ஆட்கள் குறையட்டும் என்று ஒதுங்கி நின்றார். அப்படி அவர் நிற்பதைப் பார்க்க எனக்கு ஒருமாதிரிப் போய்விட்டது. பத்துக் குளிசையை வெட்டிக் கொடுத்தேன். கொடுக்கும்போதெல்லாம் துண்டைக் கேட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். அவரும் ஒவ்வொரு முறையும் ‘ஓம்’ என்றுதான் சொன்னார். சில மாதம் இப்படிப் போனது.

அதற்குப் பிறகு என் வீட்டுக் கதை வந்தது. என் தங்கச்சி பாலையூற்றில் இருக்கிறாள். அவளுடைய மகளின் சாமத்தியச் சடங்குக்கு, தாய்மாமனான எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் நாள் வைத்துவிட்டார்கள். நான் போகவில்லை. போகாததோடு நிற்காமல் நாலு பேருக்கு முன்னால் வாயையும் விட்டேன். அப்போதே மூன்று வருடமாக இரண்டு வீட்டுக்கும் இடையில் போக்குவரத்து இல்லை. பொறுக்க முடியாமல் என் மனைவிதான் ரெலிபோன் அக்காவைக் கூப்பிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். குளிசையை விழுங்கினார். அரை மணித்தியாலம் நான் கொட்டித் தீர்த்ததையெல்லாம் கேட்டார். பிறகு நண்டுக் குழம்போடு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அப்படியே ஓட்டோ பிடித்துப் பாலையூற்றுக்குப் போனார். நான் சொன்ன இருபது வசனத்தில் ஒன்றைத்தான் அங்கே கொண்டுபோனார் என்று தங்கச்சி பிறகு சொன்னாள். ‘மருமகளைப் பட்டுச்சேலையோட பாக்கேல்லை’ என்ற ஒன்று. பின்னேரம் தங்கச்சி மகளையும் கூட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நின்று அழுதாள். நானும் அழுதேன். கூடவே வந்த அக்கா மூலைக் கதிரையில் இருந்து நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். என் மனைவி ஓடிப்போய்க் கேட்டாள்.

“எனக்கு ஒண்டுமில்லை. என்னைப் பாக்காதேங்கோ, நீங்கள் கதையுங்கோ” என்று கையைக் காட்டினார்.

அன்றைக்குப் பிறகு நான் அவரிடம் துண்டு கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை. அவர் வரும் முன்னரே மாதத்துக்குரிய குளிசையை உறையில் போட்டு மேசை லாச்சியில் ஆயத்தமாக வைத்திருப்பேன். கடையில் எத்தனை பேர் நின்றாலும் அவரைக் காக்க வைக்காமல் எடுத்து நீட்டுவேன். உறையில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் எழுத வேண்டும். நான் ‘கேஸ்ரிக்’ என்று மட்டும் எழுதினேன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மூன்றாம் ஆளுக்கு என்னத்துக்கு என்று நினைத்தேன். அதை நான் செய்கிற நன்றிக்கடன் என்றும் நினைத்தேன்.

இன்னொன்றும் உண்டு. ஒருநாள் பகிடிக்கு, “ரெண்டு வீடெண்டால் ரெண்டாப் போடுங்கோ அக்கா” என்றேன். அவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. மருந்தாளர் சொன்னது என்று எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் உறையும் தடித்துவிட்டது.

தோப்பூரில் ஒரு குடும்பம். வயலுக்குத் தண்ணி விடுகிற முறையில் மச்சான்மார் இரண்டு பேர் மண்வெட்டியைத் தூக்குமளவுக்குப் போய்விட்டார்கள். ஒருவருடைய வாப்பா அக்காவோடு கந்தோரில் வேலை செய்தவர். அந்த உரிமையில் கூப்பிட்டார்கள். பஸ் பிடித்துப் போய்வந்தவர் பின்னேரம் நேரே கடைக்கு வந்து ஸ்ரூலில் இருந்தார். முகம் வெளிறிப்போய் இருந்தது.

“ரெண்டு வீட்டிலயும் எனக்கெண்டு கோழி அடிச்சவை தம்பி. ரெண்டு வீட்டிலயும் வட்டிலப்பம். தங்கடதுதான் நல்லதெண்டு நான் சொல்லோணுமெண்டு ரெண்டு பொம்பிளையளும் வாயைப் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

“என்ன சொன்னனீங்கள்?”

“இதைப் போல வட்டிலப்பம் நான் சாப்பிட்டதே இல்லையெண்டன். ரெண்டு இடத்திலயும்தான்.”

இரண்டு பேரும் சிரித்தோம். நான் ஒரு குளிசையை எடுத்துத் தண்ணீர்ப் போத்தலோடு அவருடைய கையில் வைத்தேன். காலையில் போட்டீர்களா, மத்தியானம் எத்தனை போட்டீர்கள் என்று கேட்கவில்லை. அந்த வருடங்களில் எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகள் அவரால் ஒன்று சேர்ந்தன. அவர் தாங்கியதற்கு என் குளிசைதான் காரணம் என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது எழுதும்போது முகம் சுடுகிறது.

அவர் குளிசை போடத் தொடங்கி ஐந்து வருடம் இருக்கும். மருந்தாளர்களுக்கு ஒரு ஹோட்டலில் கூட்டம் வைத்தார்கள். வந்த டொக்டர் இந்தக் குளிசையைப் பற்றியே கதைத்தார். நல்ல மருந்துதான், தேவையானவருக்குத் தேவையான காலம் கொடுத்தால். டொக்டரின் பார்வை இல்லாமல் வருடக்கணக்கில் விழுங்கினால் சிலருக்குச் சிறுநீரகத்தில் அழற்சி வரலாம். நோவு இருக்காது, காய்ச்சல் இருக்காது, இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும் என்றார். கொப்பியில் குறித்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. திரும்பி வரும் வழியில்தான் அக்காவின் நினைவு வந்தது. அடுத்தமுறை வந்தால் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அடுத்தமுறை வந்தார். நான் வாய் திறக்கும் முன்னர் அவரே தொடங்கினார்.

“பிரசருக்குக் கிளினிக் போனனான் தம்பி. வேற மருந்து பாவிக்கிறீங்களோ எண்டு கேட்டவை. இல்லையெண்டு சொன்னனான்.”

“அப்ப கேஸ்ரிக் குளிசை?”

“அது மருந்தே? அது சாப்பாட்டோட சேத்தி.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் காதில் இன்னும் இருக்கிறது. சிரித்துவிட்டு லாச்சியைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தேன். சொல்லியிருந்தால், ‘அப்ப ஏன் இவ்வளவு நாளும் தந்தனீங்கள்?’ என்று கேட்டுவிடுவார் என்ற பயம். உண்மையில் அவர் கேட்டிருக்க மாட்டார். யாரையும் அப்படிக் கேட்கிற ஆளே இல்லை. இது தெரிந்தும் பயந்தேன். அவருக்கு அல்ல, கேள்விக்குப் பயந்தேன்.

பிறகும் இரண்டு வருடம் கொடுத்தேன். களைப்பு என்றார், வயது என்றேன். உடம்பு கடிக்கிறது என்றார், வெக்கை என்று சொல்லிப் பூசுகிற மருந்து கொடுத்தேன். கடைசியில் பிரசர் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். அந்தத் தாளை அவர் முதலில் கொண்டுவந்து காட்டியது என்னிடம். சிறுநீரகம் பழுதானால் ஏறுகிற கிரியேற்றினினின் இலக்கம் அதில் கூடி இருந்தது. சிறுநீரக டொக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

“நீங்களும் வாங்கோ தம்பி. மருந்துப் பேர் சொன்னால் எனக்கு விளங்காது.”

போனேன். டொக்டர் இளம் பெண். பொறுமையாகக் கேட்டார். அக்காவின் கைப்பை என் மடியில் இருந்தது. அதற்குள் என் கையெழுத்தோடு அந்த உறை இருந்தது.

“வேற ஏதும் குளிசை போடுறனீங்களோ அம்மா? நோவுக்கு, நாட்டு மருந்து, ஏதாவது?”

“இல்லை மகள். இடைக்கிடை கேஸ்ரிக்குக்கு ஒண்டு.”

“இடைக்கிடை எண்டால்? கிழமைக்கு எத்தினை?”

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் எனக்குத் தைத்தது.

“எப்பவாவதுதான். வெளியில சாப்பிட்டால்.”

“ஆர் தாறது?”

“ஆர் தாறது, எங்கயாவது கடையில வாங்கிறதுதான்.”

டொக்டர் என்னைப் பார்த்தார். “நீங்கள் ஆர்?”

“தெரிஞ்ச ஆள்” என்றேன்.

அவர் ‘எப்போதாவது’ என்று கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டார். பிரசரால் வந்திருக்கும் என்று அதற்கு மருந்தை மாற்றினார். மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொன்னார். ஓட்டோவில் வரும்போது அக்கா மெல்லச் சொன்னார்.

“அந்தப் பிள்ளைக்கு முன்னால உங்களை ஏன் இழுக்கோணும் தம்பி? நீங்கள் எனக்கு உதவியெல்லோ செய்தனீங்கள்.”

நான் வெளியே துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த நேரம் என் மனதில் முதலில் வந்தது கவலை என்று எழுத ஆசைதான். வந்தது நிம்மதி.

அந்த மூன்று மாதமும் உறை போனது. திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னையதைவிடக் கூடப் பொங்கும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அப்படியானால் டொக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி குறைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த மருத்துவத்தையெல்லாம் ஒளிந்துகொள்வதற்குத்தான் பாவித்தேன். மூன்றாம் மாதம் அவருடைய கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. இரத்தத்தில் அந்த இலக்கம் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. மறுநாள் காலை நான் தனியாகப் போய் டொக்டருக்கு முன்னால் இருந்தேன். ஏழு வருடம், தினமும், சில நாள் இரண்டு, கொடுத்தது நான், நான் மருந்தாளர் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேனையை மூடி வைத்தார்.

“மூண்டு மாசத்துக்கு முதலும் நீங்கள் இதே கதிரையிலதானே இருந்தனீங்கள்?”

“ஓம்.”

“இதுதான் காரணமெண்டு நான் அடிச்சுச் சொல்ல ஏலாது. பிரசர் இருக்கு, வயசும் இருக்கு. ஆனால் அண்டைக்குச் சொல்லியிருந்தால் அண்டைக்கே நிப்பாட்டியிருப்பன். நேரத்தோட நிப்பாட்டினால் சிலருக்குச் சிறுநீரகம் திரும்பி வாறது.”

குளிசையை நிறுத்தினார்கள். சிறுநீரகத்தில் ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். மருந்தாலும் வரக்கூடிய அழற்சிதான். ஆனால் அது அநேகமாகத் தழும்பாகிவிட்டது. வைத்தியம் செய்தும் கொஞ்சம்தான் திரும்பியது. ஒரு வருடத்துக்குள் கிழமைக்கு இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்கிற மெசினுக்குப் போகத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அதைக் கேட்டார்.

“நீங்கள் போய்ச் சொன்னதாம். ஏன் தம்பி? உங்கட வேலைக்கு ஏதும் வந்திடுமே?”

“அக்கா, என்னை மன்னியுங்கோ. எனக்குத் தெரிஞ்சிருந்தது.”

“சீச்சீ. நானெல்லோ கேட்டு வாங்கினனான்.”

ஒரு தரம், ஒரேயொரு தரம் அவர் என்னை ஏசியிருந்தால் நான் கொஞ்சம் நேராக நின்றிருப்பேன். ஏசவில்லை. நான் கொண்டுபோன தலையணை உறையை நல்ல வேலைப்பாடு என்று புகழ்ந்தார்.

அதன் பிறகு அவருக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடு வந்தது. உப்பு, பழம், இளநீர், தண்ணீர்கூட அளவு. ஒருமுறை கோபித்திருந்த இரண்டு வீடுகளுக்குப் போனார். முதல் வீட்டில் நிலைமையைச் சொல்லி, அரைக் கோப்பை சுடுதண்ணி போதும் என்றார். வீட்டுக்காரி முகத்தைச் சுழித்தாளாம். ‘எங்கட சோறு பிடிக்கேல்லைப் போல’ என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாளாம். இரண்டாவது வீட்டுக்கு அவர் போகவே இல்லை. அதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. பிறகு கூப்பிடுவதும் மெல்ல நின்றுபோனது. வேலைவிட்ட பிறகும் ஓயாமல் அலைந்த மனுசி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வந்தார். இரண்டு வருடம் தாங்கினார்.

செத்தவீட்டுக்கு ஊர் திரண்டு வந்திருந்தது. தோப்பூர் மச்சான்மார் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். என் தங்கச்சி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். கனடாவிலிருந்து வந்த அண்ணன் மகன் ஒவ்வொருவராகக் கேட்டு அறிந்துகொண்டு வந்தவர், என்னிடம் வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பாமசி அண்ணை நீங்கள்தானே? மாமி ஒவ்வொருமுறை கதைக்கேக்கையும் உங்களைப் பற்றித்தான் சொல்லுவா. ஒரு நாளும் பிந்தாமல், கியூவில விடாமல், கேட்க முதலே மருந்தை எடுத்து வைச்சிருப்பாரெண்டு. எங்களால பக்கத்தில இருக்க முடியேல்லை. நீங்கள் பாத்துக்கொண்டனீங்கள்.”

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை வைத்தாள். அண்ணன் மகனுக்கு ஒன்றும் தெரியாது என்று விளங்கியது. அக்கா அவருக்கும் சொல்லவில்லை. அப்போதாவது நான் சொல்வதற்கு நேரம் இருந்தது. அவர் என் கையை விடாமல் நின்றார்.

“அது என்ர கடமைதானே” என்றேன்.